விளையாட்டுப் பெயருக்குப் பின்னால் நீங்கள் எவ்வளவு தெரிகிறீர்கள்? நீங்களே தேடிப் பார்க்க ஒரு வழிகாட்டி

வைகாசி மாதம். கண்ணகை அம்மன் சடங்கு நடந்துகொண்டிருந்த நாள்களில் ஓர் இரவு, அக்காவின் மகன் சாப்பிடாமல் படுத்துவிட்டான். பதினைந்து வயதுப் பையன். கோயிலுக்குக் கூப்பிட்டோம், வரவில்லை. போனைத் தலையணைக்கு அடியில் செருகி வைத்திருந்தான். இரண்டு நாள் கழித்துத்தான் விஷயத்தைச் சொன்னான். ஃப்ரீ ஃபயர் விளையாடும்போது முன்பின் தெரியாத ஒருவனோடு வாய்த்தகராறு. தோற்ற கோபத்தில் அவன் மூன்று வரி எழுதி அனுப்பியிருக்கிறான். அதில் மருமகனின் முழுப்பெயர், படிக்கும் பாடசாலை, பின்னேரம் எந்த வீதியால் ரியூசனுக்குப் போகிறான் என்பது எல்லாம் இருந்தன.

"என்ட போன ஆரோ ஹேக் பண்ணிட்டானுகள் மாமா" என்றான். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அன்றிரவு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, அவனுடைய விளையாட்டுப் பெயரை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேடத் தொடங்கினோம். இரண்டு மணித்தியாலத்துக்குள் அந்த மூன்று வரியும் எங்கள் கையிலும் இருந்தது. யாரும் எதையும் ஹேக் செய்யவில்லை. ஒவ்வொரு துண்டும் பொதுவெளியில் கிடந்தது. பாதியை அவன் போட்டிருந்தான். மீதியை வீட்டுக்காரரும் ரியூசன்காரரும் போட்டிருந்தார்கள்.

மட்டக்களப்பு மாவட்டத்துக்குள் ஓர் ஊர் என்பதற்கு மேல் எங்கள் ஊரை இங்கே எழுதப்போவதில்லை. அவனுடைய விளையாட்டுப் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். ஆனால் அன்றைக்கு நாங்கள் செய்த வேலையை, ஒன்லைன் விளையாட்டுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் தாங்களே செய்து பார்க்கும் விதத்தில் எழுதுகிறேன். கணினி படித்திருக்க வேண்டும் என்றில்லை. ஒரு போன், ஒரு கொப்பி, ஒரு பேனை போதும்.

தொடங்குமுன் ஒன்று. உங்கள் சொந்தப் பெயரை மட்டும் தேடுங்கள். பிள்ளையின் பெயர் என்றால் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தேடுங்கள். உங்களை வென்றவரையோ திட்டியவரையோ இப்படித் தேடாதீர்கள். அதற்கான காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன், அது சின்னக் காரணமில்லை.

முதலில் கொப்பி

கொப்பியில் நீங்கள் இதுவரை பாவித்த எல்லாப் பெயர்களையும் எழுதுங்கள். இப்போதைய பெயர் மட்டுமல்ல, ஐந்தாம் ஆறாம் வகுப்பில் வைத்த பழைய பெயரும் வேண்டும். பெரும்பாலும் அதுதான் காட்டிக்கொடுக்கும். சின்ன வயதில் ஒளிக்க வேண்டும் என்ற எண்ணமே இராது, சொந்தப் பெயரையும் பிறந்த வருடத்தையும் சேர்த்து வைத்திருப்போம். அப்புறம் மின்னஞ்சல் முகவரிகள், அவற்றில் @ குறிக்கு முன்னால் வரும் பகுதி, குழுவின் பெயர், படமாக வைத்திருப்பது என்ன என்பதையும் எழுதுங்கள்.

மருமகனின் பெயரை "கழுகு065" என்று வைத்துக்கொள்வோம். 065 என்றதும் நம் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை, மட்டக்களப்பின் தொலைபேசிக் குறியீடு. கல்முனைப் பக்கம் 067, அம்பாறை நகரப் பக்கம் 063. ஊர்ப்பற்றில் பிள்ளைகள் இந்த எண்களைப் பெயரோடு ஒட்டிக்கொள்கிறார்கள். எனக்கும் அது பிடிக்கும், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த மூன்று இலக்கம் இலங்கையின் இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களிலிருந்து தேடுகிறவரை ஒரே பாய்ச்சலில் சில இலட்சம் பேருக்குள் கொண்டுவந்து விடுகிறது. பெயரில் பிறந்த வருடமும் இருந்தால் சில ஆயிரம். பாடசாலையும் தெரிந்தால் ஒரு வகுப்பறை.

வெளியாளாக நின்று தேடுதல்

உங்கள் கணக்குகளுக்குள் இருந்தபடி தேடினால் உங்களுக்கு மட்டும் தெரிவதும் கலந்து வரும். ஆகவே பிரவுசரில் தனிப்பட்ட சாளரத்தை (Incognito அல்லது Private) திறந்து, எதிலும் லொகின் செய்யாமல் தேடுங்கள். பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் இட்டால் அதே எழுத்துவரிசை உள்ள பக்கங்கள் முன்னுக்கு வரும். கூகுளில் ஒருமுறை, வேறொரு தேடுபொறியில் ஒருமுறை. தமிழில் எழுதியும் ஆங்கில எழுத்தில் எழுதியும் பாருங்கள். நம் பெயர்களை ஆங்கில எழுத்தில் நாலு விதமாக எழுதலாம், நாலையும் பாருங்கள். அப்புறம் டிக்டொக், யூடியூப், இன்ஸ்டகிராம், பேஸ்புக் ஒவ்வொன்றிலும் தனித்தனியே அந்தப் பெயரைப் போட்டுப் பாருங்கள்.

கிடைப்பதை உடனே அழிக்க ஓடாதீர்கள். முதலில் கொப்பியில் எழுதுங்கள்: எந்த இடம், என்ன தெரிகிறது, அது எதோடு இணைகிறது. மருமகன் முதல் முடிவைப் பார்த்ததும் பதறி அழிக்கப் போனான். தடுத்து நிறுத்தினேன். முழுச் சங்கிலியும் தெரியாமல் ஒரு கண்ணியை மட்டும் கழற்றினால் மற்றவை எங்கே இருக்கின்றன என்பது தெரியாமலே போய்விடும்.

அவன் விஷயத்தில் சங்கிலி இப்படிப் போனது. கழுகு065 என்ற அதே பெயரில் ஒரு யூடியூப் சேனல், அதில் பத்துப் பதினொரு வீடியோ. எல்லாம் போனின் திரையைப் பதிவு செய்தவை. அவற்றில் ஒன்றில், ஆட்டத்தின் நடுவே மேலிருந்து ஒரு வட்ஸ்அப் அறிவிப்பு இறங்குகிறது. இரண்டு விநாடிதான். அதில் ரியூசன் குழுவின் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைப் பேஸ்புக்கில் போட்டால் வகுப்பின் பக்கம் வருகிறது. பக்கத்தைக் கீழே தள்ளிக்கொண்டு போனால் சில வருடங்களுக்கு முந்தைய புலமைப்பரிசில் பரீட்சைப் பெறுபேற்றுப் பதாகை. வரிசையாகப் பிள்ளைகளின் படம், முழுப்பெயர், பாடசாலை, எடுத்த புள்ளி. யூடியூப் சேனலின் முகப்பில் அவன் வைத்திருந்த படத்தில் இருந்த முகம் பதாகையிலும் இருந்தது. வகுப்பு எங்கே நடக்கிறது என்று அதே பக்கத்தில் வரைபடத்தோடு போட்டிருக்கிறார்கள். முடிந்தது.

பெயர் மாறும், எண் மாறாது

"பெயரை மாத்திட்டாச் சரி தானே" என்று மருமகன் கேட்டான். பாதிதான் சரி. பெரும்பாலான தளங்களில் உங்கள் பெயருக்கு அடியில் ஒரு கணக்கு எண் இருக்கிறது. கலியாணம் முடித்துப் பெயரை மாற்றினாலும் அடையாள அட்டை எண் அப்படியே இருப்பதுபோலத்தான் அதுவும். ஃப்ரீ ஃபயரில் டயமண்ட் என்ற விளையாட்டுக் காசைச் செலவழித்துப் பெயரை மாற்றலாம், யுஐடி என்ற கணக்கு எண் மாறாது. கணினி விளையாட்டுகளை வாங்கும் ஸ்டீம் தளத்தில் 17 இலக்க எண் ஒன்று உண்டு, அதோடு முன்பு வைத்திருந்த பெயர்களின் பட்டியலும் உங்கள் பக்கத்திலேயே தெரியும். அந்தப் பட்டியலைத் துடைக்கும் வசதி அங்கேயே இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. விளையாடுகிறவர்கள் கூடிப் பேசும் டிஸ்கோர்ட் செயலியின் எண்ணிலிருந்து கணக்கு எந்த நாளில் திறக்கப்பட்டது என்பதைக்கூடக் கணக்கிட்டு எடுக்கலாம். மைன்கிராஃப்டில் ஒரு காலத்தில் எவருடைய பழைய பெயர்களையும் எவரும் வரிசையாகப் பார்க்க முடிந்தது. 2022 செப்டம்பரில் அந்த வசதியை, அந்த விளையாட்டை நடத்தும் மொஜாங் நிறுவனம் நிறுத்தியது.

ஆகவே ஒவ்வொரு விளையாட்டிலும் உங்கள் பக்கத்தை இன்னொருவரின் கணக்கிலிருந்து திறந்து பாருங்கள். நண்பர் பட்டியல் தெரிகிறதா, விளையாடும் நேரம் தெரிகிறதா, வேறு கணக்குகள் இணைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். டிஸ்கோர்டில் பிள்ளைகள் யூடியூப், ஸ்டீம், ஸ்பொட்டிஃபை எல்லாவற்றையும் இணைத்துப் பகிரங்கமாக வைத்திருப்பார்கள். தேடுகிறவரின் வேலையை நாமே முடித்துக் கொடுப்பதுபோல அது.

செஸ் விளையாடும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்காரர் இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். லிசெஸ் என்ற இலவசத் தளம் தரவரிசைக்குரிய எல்லா ஆட்டங்களையும் மாதாமாதம் எல்லோரும் இறக்கிக்கொள்ளக்கூடிய கோப்பாக வெளியிடுகிறது. பெயரும் நேரமும் அதில் இருக்கும். கற்கவும் ஆராயவும் அருமையான ஏற்பாடு. ஆனால் அதே பிள்ளை ஒரு வயதுப்பிரிவுப் போட்டியில் நேரில் விளையாடினால் அவனுடைய சொந்தப் பெயரும் கழகமும் ஆட்ட முடிவுகளும் போட்டி முடிவுப் பக்கங்களில் வரும். சர்வதேச செஸ் சம்மேளனத்தின் தரப்படுத்தல் பட்டியலில் பிறந்த வருடமும் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே புனைபெயரால் தொட்டுக்கொண்டால் மறைவு போய்விடும். பெயரே இல்லாவிட்டாலும் ஆடும் விதம் இருக்கிறது. 2021-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், ஒருவரின் 100 ஆட்டங்களைக் கொடுத்தால் ஆயிரக்கணக்கானவர்களுக்குள் அவர் யார் என்று 98 வீதம் சரியாகச் சொல்லும் கணினி மாதிரியைச் செய்துகாட்டினார்கள். காய் நகர்த்தும் பழக்கம் ஒன்றே அதற்குப் போதுமாக இருந்தது.

ஸ்டார்கிராஃப்ட் 2 ஆடுகிறவர்கள் இதை வேறு வழியில் அறிந்தவர்கள். பெரிய வீரர்கள் தங்கள் தந்திரத்தை ஒளித்துப் பயிற்சி செய்ய, ஆங்கிலத்தின் பெரிய I எழுத்தையும் சின்ன l எழுத்தையும் கலந்து கோடுகோடாகப் பெயர் வைப்பார்கள். பார்க்கப் பார்கோடு மாதிரி இருக்கும், ஒன்றிலிருந்து மற்றதைப் பிரித்தறிய முடியாது. அப்படியிருந்தும், எந்தப் படையை எந்த விசையில் வைக்கிறார், எவ்வளவு வேகமாக மாற்றுகிறார் என்பதை ஆட்டப் பதிவுகளில் பார்த்து ஆளைச் சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. நம் பிள்ளைகளை அந்த அளவுக்கு யாரும் தேடப்போவதில்லை. ஆனாலும் பெயரை மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது என்பதற்காகச் சொல்கிறேன்.

படங்கள்

உங்கள் கணக்கில் வைத்திருக்கும் படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள். அதே படம் பேஸ்புக்கிலும் இருந்தால் அங்கே போய் நிற்கும். ஒரு படத்தை ஓர் இடத்தில் மட்டும் பாவிப்பது நல்லது. விளையாட்டுக் கணக்கில் முகம் வேண்டவே வேண்டாம்.

பின்னணியைப் பாருங்கள். கல்லடிப் பாலம், காந்தி பூங்கா, வாவிக்கரை மணிக்கூட்டுக் கோபுரம் எல்லாம் எவருக்கும் தெரிந்த இடங்கள், அவை உங்களை நகரத்துக்குள் கொண்டுவருமே தவிர வீட்டுக்குக் கொண்டுவராது. வீட்டுக்குக் கொண்டுவருவது சாதாரணமாகத் தெரிகிற பொருள்கள்தான்: பின்னால் தொங்கும் பாடசாலைக் கழுத்துப்பட்டி, முற்றத்தில் நிற்கும் மோட்டார் சைக்கிளின் இலக்கத்தகடு, எதிரே உள்ள கடையின் பெயர்ப்பலகை, அதில் 065 என்று தொடங்கும் நிலையான தொலைபேசி எண். நம் ஊர்க் கடைப்பலகைகளில் வீதிப்பெயரும் எண்ணும் தவறாமல் இருக்கும். ஒரே ஒரு பலகை படத்தில் விழுந்தாலும் வரைபடத்தில் இடம் விழுந்துவிடும்.

போன் கமராவில் இடத்தைப் பதியும் வசதியை அணைத்துவிடுங்கள். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பும்போது அந்த இடக்குறிப்பு நீங்கிவிடும். தெளிவு குறையக் கூடாது என்று ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். திரையைப் பதிவு செய்து வீடியோ போடுகிற பிள்ளைகள், பதிவைத் தொடங்குமுன் தொந்தரவு செய்யாதே என்ற நிலையைப் போட்டுக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் நடந்ததற்கு அந்த ஒரு அறிவிப்புத்தான் கதவைத் திறந்தது.

குரல், கரண்ட், போயா

இந்தப் பகுதியைத்தான் யாரும் யோசிப்பதில்லை. எழுதாமலும் படம் போடாமலும் நாம் வெளியே விடும் தகவல்கள் நிறைய இருக்கின்றன.

மைக்கைத் திறந்து வைத்துக்கொண்டு "மறுகா வாறன்" என்று ஒருமுறை சொல்லுங்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளையோ கொழும்புப் பிள்ளையோ அணியில் இருந்தால், நீங்கள் மட்டக்களப்பு என்று அந்தக் கணமே தெரிந்துவிடும். வீட்டில் உம்மா கூப்பிடுவதும் "இஞ்ச வா கா" என்று பின்னால் கேட்பதும் இன்னும் நெருக்கமாகச் சொல்லும். பேச்சை மாற்றச் சொல்லமாட்டேன். அது நம் பேச்சு, ஒரு விளையாட்டுக்காக அதை ஒளிக்க வேண்டும் என்று எந்தப் பிள்ளையிடமும் என்னால் சொல்ல முடியாது. ஆனால் தெரியாத ஆட்களோடு ஆடும்போது, பேசும் நேரத்தில் மட்டும் மைக்கைத் திறக்கும் முறையில் வைத்துக்கொள்ளலாம். சடங்கு நாள்களில் ஒலிபெருக்கியில் ஆலயத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் மணிக்கொருமுறை சொல்வார்கள். திறந்து கிடக்கும் மைக் அதைச் சொல்லுக்குச் சொல் கொண்டுபோகும். பாங்கும் அப்படியே, தேவாலய மணியும் அப்படியே.

நேரம் இன்னொன்று. இலங்கையும் இந்தியாவும் ஒரே நேர வலயத்தில் இருப்பதால் மணியை மட்டும் வைத்து நாட்டைச் சொல்ல முடியாது. ஆனால் இலங்கையில் பௌர்ணமி விடுமுறையான போயா தினம் ஒவ்வொன்றிலும் விடியற்காலையிலிருந்து ஆடுகிற ஒருவர் எங்கே இருக்கிறார் என்று சொல்லிவிடலாம். 2022-இல் கரண்ட் வெட்டு நடந்த காலத்தை நினைத்துப் பாருங்கள். நாட்டை எழுத்துக் குழுக்களாகப் பிரித்து, எந்தக் குழுவுக்கு எத்தனை மணிக்குக் கரண்ட் போகும் என்று அட்டவணையை எல்லோருக்கும் வெளியிட்டார்கள். ஒரு வாரம் தொடர்ந்து ஒருவர் எந்நேரம் இணைப்பிலிருந்து விழுகிறார் என்று குறித்து அட்டவணையோடு ஒப்பிட்டால், அவருடைய குழுவைச் சொல்லிவிடலாம். யாருக்கும் தீங்கில்லாத அட்டவணை, ஒரு விளையாட்டின் இணைப்பு நேரம். தனியாக இருக்கும்போது இரண்டும் ஒன்றுமில்லை.

ஆகவே கடைசியாக இணைப்பில் இருந்த நேரத்தைக் காட்டும் வசதியை எங்கெல்லாம் அணைக்கலாமோ அங்கெல்லாம் அணையுங்கள்.

நீங்கள் போடாதவை

உண்மையில் கடினமானது இதுதான். அக்கா ஒவ்வொரு வருடமும் மகனின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டும் படம் போடுவாள். முழுப்பெயர், திகதி, "எனது செல்ல மகனுக்கு" என்ற வாழ்த்து, கீழே சித்தப்பா மாமா பெரியம்மா எல்லோரும் வரிசையாக. எல்லோரும் பார்க்கலாம் என்ற நிலையில். அதில் அன்பைத் தவிர வேறெதுவும் இல்லை. ஆனால் பிள்ளையின் பிறந்த திகதியும் குடும்ப மரமும் ஒரே பக்கத்தில் கிடைத்துவிடுகிறது. அவளோடு சண்டை பிடிக்காமல், பழைய பதிவுகள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்றும் வசதி பேஸ்புக் அமைப்பில் இருப்பதைக் காட்டிக் கொடுத்தேன். ஐந்து நிமிடம். படம் ஒன்றும் அழியவில்லை, உறவுக்காரர் எல்லோரும் இன்னமும் பார்க்கிறார்கள்.

பெறுபேற்றுப் பதாகைகள் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. பத்து வயதுப் பிள்ளையின் படத்தையும் முழுப்பெயரையும் பாடசாலையையும் புள்ளியையும் சந்தியில் தொங்கவிட்டு, அதையே இணையத்திலும் போட்டு, வருடக்கணக்காக வைத்திருக்கக் கூடாது. பிள்ளையின் வெற்றியைக் கொண்டாட வேண்டும், அதில் மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் கொண்டாட்டம் முடிந்தபின் இணையப் பதிவை நீக்கலாமே. நாங்கள் போய்க் கேட்டோம். முதலில் தட்டிக்கழித்தார்கள். என்ன நடந்தது என்று சொன்னதும் அந்தப் பதிவை எடுத்துவிட்டார்கள். நீங்களும் கேளுங்கள், பெற்றவர்கள் நேரில் போனால் பெரும்பாலும் மறுக்கமாட்டார்கள்.

தொலைபேசி எண்ணும் அடையாள அட்டையும்

அணி சேர்ந்ததும் பிள்ளைகள் உடனே ஒரு வட்ஸ்அப் குழு தொடங்குவார்கள். அந்தக் கணத்தில் உங்கள் எண் குழுவில் உள்ள எல்லோருக்கும் போய்விடுகிறது. எண்ணுக்குரிய பெயரைக் காட்டும் ட்ரூகோலர் செயலியில் அதைப் போட்டால், வேறு யாரோ தங்கள் போனில் உங்களைச் சேமித்து வைத்த பெயர் வரலாம். அது "மாஸ்டர்ட மகன்" என்றுகூட இருக்கலாம். அந்தத் தளத்திலேயே எண்ணைப் பட்டியலிலிருந்து நீக்கக் கேட்கலாம். உங்கள் எண்ணை வைத்து உங்களைத் தேடும் வசதியைப் பேஸ்புக்கில் அணையுங்கள். 2021 ஏப்ரலில் 53 கோடிக்கு மேற்பட்ட பேஸ்புக் கணக்குகளின் விவரம், பலருடைய தொலைபேசி எண்ணோடு, இணையத்தில் கொட்டப்பட்டது. உங்கள் மின்னஞ்சல் இப்படி எந்தக் கசிவிலாவது இருக்கிறதா என்று ஹேவ் ஐ பீன் போண்ட் (Have I Been Pwned) என்ற இலவசத் தளத்தில் பார்க்கலாம். இருந்தால் கடவுச்சொல்லை அன்றே மாற்றி, இரண்டாம் படிச் சரிபார்ப்பையும் போடுங்கள்.

விளையாட்டுக் கணக்கை விற்கும்போதும் வாங்கும்போதும் நம்பிக்கைக்கு என்று அடையாள அட்டையின் படத்தைக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கொடுக்கவே கூடாது. பழைய அட்டை எண்ணின் முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று, வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அந்த மூன்றோடு 500 கூட்டியிருப்பார்கள். புதிய 12 இலக்க எண்ணில் வருடம் நாலு இலக்கமாக முன்னால் நிற்கும். எண்ணைப் பார்த்ததும் பிறந்த நாளும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும்.

கொப்பியைச் சேர்த்துப் பார்த்தல்

இப்போது கொப்பியை விரித்து, எழுதியவற்றை நான்கு கேள்விக்குக் கீழே கொண்டுவாருங்கள்: யார், எங்கே, எந்நேரம், யாரோடு. எந்தத் துண்டிலிருந்து எந்தத் துண்டுக்குக் கோடு போகிறது என்று வரையுங்கள். நிறையக் கோடு வந்து சேரும் புள்ளி ஒன்று இருக்கும். எங்களுக்கு அது கழுகு065 என்ற பெயர். வேறொருவருக்கு ஒரு படமாகவோ ஒரு தொலைபேசி எண்ணாகவோ இருக்கலாம்.

பெயரை எடுத்துவிட்டு எண்ணை வைத்தால் போதும் என்று பெரிய நிறுவனங்களே ஏமாந்திருக்கின்றன. 2006 ஓகஸ்டில் ஏஓஎல் என்ற அமெரிக்க இணைய நிறுவனம் சுமார் 650,000 பேரின் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் போட்டு, ஆராய்ச்சிக்கென்று வெளியிட்டது. ஒருவர் தேடிய ஊர், தேடிய உறவினர் பெயர், தேடிய நோய் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்து, ஓர் எண்ணுக்குப் பின்னால் இருந்த பெண்ணை நியூயோர்க் ரைம்ஸ் செய்தியாளர்கள் சில நாளிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். விளையாட்டு உலகிலும் இப்படி ஒன்று நடந்தது. 2010 ஜூலையில் பிளிசார்ட் என்ற விளையாட்டு நிறுவனம், தன் உரையாடல் பக்கங்களில் இனி எல்லோரும் சொந்தப் பெயரோடுதான் எழுத வேண்டும் என்று அறிவித்தது. அதில் பயமில்லை என்று காட்ட ஊழியர் ஒருவர் தன் உண்மைப் பெயரைச் சொன்னார். கொஞ்ச நேரத்துக்குள் அவருடைய தொலைபேசி எண்ணும் முகவரியும் என்று சொல்லப்பட்டவை பரவத் தொடங்கின. மூன்றே நாளில் நிறுவனம் திட்டத்தைக் கைவிட்டது.

அடைக்கும்போது அந்த நடுப்புள்ளியிலிருந்து தொடங்குங்கள். விளையாட்டுக்கு என்று புதிய பெயர் ஒன்று வையுங்கள். ஊர், எண், வருடம், பட்டப்பெயர் எதுவும் அதில் வேண்டாம். அதை வேறெங்கும் பாவிக்காதீர்கள், அதற்கென்று தனி மின்னஞ்சலும் வையுங்கள். பழைய யூடியூப் வீடியோக்களை நீக்கத் தேவையில்லை, தனிப்பட்டவை என்று மாற்றினால் போதும். மருமகனுக்கு அவை அருமையானவை, அழித்திருந்தால் அழுதிருப்பான். பழைய கணக்கில் சேர்த்த ஸ்கின்களுக்காக (ஆட்டத்துக்குள் போடும் உடை, ஆயுத அலங்காரங்கள்) அதை விட மனமில்லை என்றால் பெயரையும் படத்தையும் மாற்றி, நண்பர் பட்டியலை மூடி வையுங்கள். முழு மறைவு கிடைக்காதுதான். ஆனால் ஆத்திரத்தில் தேடுகிற ஒருவன் அரை மணித்தியாலத்தில் அலுத்துப்போய் விடுவான், நமக்கு அது போதும்.

யாரோ ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டால்

முதலில் எதையும் அழிக்காதீர்கள். மிரட்டலைத் திகதி, நேரம், அனுப்பியவரின் கணக்கு எண் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். விளையாட்டுக்குள்ளேயே முறைப்பாடு கொடுங்கள். பதில் எழுத வேண்டாம், எழுதினால், தான் கண்டுபிடித்தது சரி என்று மிரட்டியவன் உறுதி செய்துகொள்வான். பிள்ளை என்றால் வீட்டில் ஒருவரிடம் அன்றே சொல்ல வேண்டும். பெற்றவர்கள் செய்ய வேண்டியது, சொன்ன பிள்ளையின் போனைப் பறிக்காமல் இருப்பது. பறித்துவிடுவார்கள் என்ற பயத்தில்தான் மருமகன் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை.

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருப்பார், பொலிஸ் நிலையங்களில் சிறுவர், பெண்கள் பணியகம் இருக்கிறது. கணக்கையே யாராவது கைப்பற்றியிருந்தால் அது 2007-ஆம் ஆண்டின் 24-ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்துக்குள் வரும். ஒருவரின் தனிப்பட்ட விவரத்தை இணையத்தில் வெளியிட்டுத் துன்புறுத்துவது 2024-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் குற்றம். கருத்துச் சுதந்திரத்தை நெருக்குகிறது என்று அந்தச் சட்டத்துக்குக் கடும் எதிர்ப்பு இருக்கிறது, எனக்கும் அந்தக் கவலை உண்டு. ஆனாலும் மிரட்டப்பட்ட பிள்ளையோடு பொலிசுக்குப் போகும்போது அதைத் தெரிந்துவைத்திருப்பது உதவும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் 119.

முதலில் சொல்லாமல் விட்ட காரணத்துக்கு வருகிறேன். எல்லாவற்றையும் அடைத்து முடித்த இரவு மருமகன் கேட்டான்: "இப்ப எங்களுக்கும் தெரியும் தானே மாமா. அவன் ஆரெண்டு பாப்பமா?" கேட்டது நியாயம் என்று எனக்கும் ஒரு கணம் தோன்றியது. அவனுக்கு விச்சிட்டாவில் நடந்ததைச் சொன்னேன். 2017 டிசம்பர் 28, அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலம். கோல் ஒஃப் டியூட்டி ஆட்டத்தில் 1.50 டொலர் பந்தயத்தில் வந்த தகராறு. ஒருவன் எதிராளியின் முகவரி என்று ஒன்றைப் பிடித்து, இன்னொருவன் மூலம், அந்த வீட்டில் கொலை நடந்திருக்கிறது என்று பொலிசுக்குப் பொய் அழைப்புக் கொடுக்க வைத்தான். அது பழைய முகவரி. அந்த வீட்டில் இருந்தது அந்த ஆட்டத்தோடு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு தகப்பன். வெளியே என்ன வெளிச்சம் என்று கதவைத் திறந்தவரைப் பொலிசார் சுட்டுக் கொன்றார்கள். பொய் அழைப்புக் கொடுத்தவனுக்கு 2019-இல் 20 வருடச் சிறை.

இந்த வழியில் தேடிக் கிடைக்கும் விடை பல தடவை பிழையாகத்தான் இருக்கும். மட்டக்களப்பில் ஒரே பெயரில், ஒரே வயதில், ஒரே பாடசாலையில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள்? நம்மை நாமே தேடும்போது விடை சரியா பிழையா என்று நமக்குத் தெரியும். அடுத்தவரைத் தேடும்போது அதைச் சரிபார்க்க யாரும் இல்லை.

மருமகன் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, மிரட்டியவன் எழுதிய மூன்று வரியின் ஸ்கிரீன்ஷொட்டை எனக்கு அனுப்பிவிட்டு அவனைத் தடை செய்தான். பாடசாலை விடுமுறை தொடங்கும் ஒவ்வொரு தடவையும் இப்போது இருவரும் அந்தக் கொப்பியை எடுத்து மறுபடி தேடுகிறோம். போன தவணையில் ஒன்று கிடைத்தது: சில வருடங்களுக்கு முன் ஒரு கிரிக்கெட் கழகம் போட்ட அணிப் படம், கீழே எல்லாப் பெயரும். அவனே போய்க் கழகத் தலைவரிடம் பேசிப் பெயர்களை எடுக்க வைத்துவிட்டு வந்தான்.